ரோதை முனிக்கு டிக்கெட் கிடையாது

குன்னூரில் நம் சிறிய அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பழைய போட்டோக்களைப் பூஞ்சையிலிருந்து காப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கத்தாமல் வரிசையில் நிறுத்துவது போன்றவற்றைச் சொல்லித்தர அங்கே ஆளிருக்கிறது. நீங்களும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: கேட்டதை விட்டுவிட்டு நினைத்ததைச் சொல்லலாம். அதனால் மூன்றாவது அறையில் நிற்கும் இரும்புச் சக்கரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தச் சக்கரத்தின் நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளிப் பெயிண்ட் சுரண்டப்பட்டிருப்பதையும், அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் அப்பியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். உங்களில் ஒருவர் அதைத் துடைக்கத் துணியும் கையுமாகப் போனதாகவும், வாட்ச்மேன் தலைதெறிக்க ஓடிவந்து தடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். துடைக்கப் போனவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் படித்ததை அவர் செய்தார். ஆனால் அந்தக் கறை அங்கே எப்படி வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அது என் வேலை.

நான் காப்பாட்சியராக இருந்த காலத்தில் நம் அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மீதிப்பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்தவர்கள். உள்ளே இருந்ததும் அதற்குத் தகுந்த மாதிரிதான்: தொரைமார்கள் சாப்பிட்ட பீங்கான் தட்டுகள், அவர்கள் சுட்ட மிருகங்களின் கொம்புகள், அவர்கள் வீட்டு அம்மாக்கள் குடைபிடித்து நிற்கும் போட்டோக்கள். ஊரே தேயிலையில் பிழைக்கிறது. தேயிலை பறித்தவர்கள், அரைத்தவர்கள், சுமந்தவர்கள் வந்தால் தங்களைப் பார்க்க அங்கே ஒரு துரும்பு கிடையாது. மூன்றாவது அறையை எஸ்டேட் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கேட்டு, எங்கள் டிரஸ்ட் செயலாளரின் காது புளித்துப்போய்விட்டது.

செயலாளர் பற்றிச் சொல்லவேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை. பூட்டு, ஆணி, தகரம் என்று விற்றுக்கொண்டே அருங்காட்சியகத்தையும் கவனித்துக்கொண்டார். ஒரு பொருள் உள்ளே வந்துவிட்டால் அது வெளியே போகக்கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. நாங்கள் சண்டை போடாத வாரமில்லை. இன்று நினைத்தால் அத்தனை சண்டைக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அந்த அறைக்கு முதலில் கிடைத்த பெரிய பொருள்தான் சக்கரம். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் பேக்டரியில் பழைய ஷெட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். இலையை உருட்டும் மெஷினை ஓட்டிய சக்கரம் அது, ஆள் உயரம். பழைய இரும்புக்கு லாரி ஏறவிருந்ததை, அங்கே மெஷின் பிட்டராக இருந்த செல்லையா, எஸ்டேட் மேனேஜரான தொரையிடம் கெஞ்சி எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். செல்லையா சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கண்டிப் பக்கத்து பேக்டரியில் அப்பாவோடு வேலை பழகியவர். சக்கரத்தை அனுப்புவதற்கு முன்னால் தன் கைக்காசில் வெள்ளிப் பெயிண்ட் வாங்கி, சந்துபொந்து விடாமல் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கித்தான் ஏற்றிவிட்டார்.

நம் வாசலில் அது நுழையவில்லை. அறையின் சுவரை இடித்து உள்ளே உருட்டி, மறுபடி சுவர் எழுப்பினோம். செயலாளர் கூடவே நின்று செங்கல் எண்ணினார். திறப்பு விழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரியைச் சிறப்பு விருந்தினராக அழைத்தாயிற்று. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அரசாங்க உதவி வரும் என்பது பேச்சு. கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு அந்தக் கையெழுத்தின்மேல் ஒரு கண்.

விழாவுக்கு முந்தின புதன்கிழமை ஒரு பெண் வந்து வராந்தாவில் நின்றார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்து, "அம்மா, நான் பிட்டர் செல்லையா சம்சாரம், பார்வதி. அந்த ரோதைய எங்களுக்குத் திருப்பிக் குடுத்துருங்க," என்றார்.

ரோதை என்றால் சக்கரம். சிலோன் தோட்டப் பேச்சு. எதற்கு என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்னது இதுதான். கண்டியில் பேக்டரிச் சக்கரத்தில் முனி குடியிருக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. ரோதை முனி என்று பெயர். கை வைத்து வேலை செய்கிறவனின் கையைக் காப்பது அந்த முனிதான். இந்த மலைக்கு வந்து லயத்து வரிசை வீடுகளில் குடியேறியதும், இங்கே இருந்த சக்கரத்துக்குப் பொட்டு வைத்து, அதையே முனியாக்கிக் கும்பிட்டார்கள். வருஷா வருஷம் கொழுந்து பெருகும் காலத்துக்கு முன்னால் லயமே கூடிப் படையல் போடும். ஷெட்டை இடிக்கும்போது லாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றுவிட்டது. எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம். செல்லையா தனியாக ஒரு சூடத்தைக் கொளுத்தி, தனியாகக் கும்பிட்டு, முனியை அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதமே புது மெஷினில் மணி என்ற பையனின் வலது கை சிக்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

"மணியோட அம்மா சொல்லிருச்சி, முனிய வித்துத் தின்னவன் வீட்டுல யாரும் கை நனைக்கக் கூடாதுன்னு," என்றார் பார்வதி. "வார ஞாயிறு விட்டு மறு ஞாயிறு என் மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட ஆள் வரல. மஞ்சள் இடிக்க ஒரு பொம்பள வரல. மாப்பிள்ள வீட்டாளுங்க வந்து, ஏன் லயத்துல ஒருத்தரும் இல்லன்னு கேட்டா நாங்க என்னம்மா சொல்லுவோம்? நின்னுரும்மா கல்யாணம்."

எஸ்டேட் லயத்துக் கல்யாணம் பார்த்திருக்கிறீர்களா? அங்கே சமையல்காரரும் கிடையாது, மண்டபமும் கிடையாது. லயம்தான் மண்டபம். விறகு ஒரு வீடு, தண்ணீர் ஒரு வீடு, அண்டா ஒரு வீடு. லயம் வரவில்லை என்றால் கல்யாணம் இல்லை. பார்வதி மிகைப்படுத்தவில்லை.

செயலாளரைக் கடையில் போய்ப் பார்த்தேன். தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, சுவத்த மறுக்கா இடிக்கச் சொல்றீங்களா? ஞாயித்துக்கெழம ஆபீசர் வந்து என்னத்தத் தொறப்பாருங்க, காலி ரூமையா?" என்றார். "அதுமில்லாம அந்த ஷெட்டே இப்ப இல்லீங்கல்ல. திருப்பிக் குடுத்தா தொரை என்ன பண்ணுவாரு? மேட்டுப்பாளையத்துக் காயலாங்கடைக்குத்தான் போகும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு அதுதான் கோபம். சண்டைபோடக்கூட வழியில்லாமல் சரியாகப் பேசினார். சக்கரத்தைக் கொடுத்தால் சக்கரமும் போகும், அறையும் போகும், கூரையும் ஒழுகும். கொடுக்காவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் போகும்.

அன்று சாயங்காலமே பார்வதியோடு பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள். பஸ்ஸில் போகும்போது எனக்குள் ஒரு பிரசங்கம் தயாராகிக்கொண்டிருந்தது. மெஷின் பெல்ட்டுக்கு மூடி போடாததால்தான் கை சிக்கியது, சக்கரம் ஊர் மாறியதால் அல்ல என்று விளக்கமாகப் பேசிவிட வேண்டும் என்று. பேக்டரிக்காரர்களிடம் அதைப் பிறகு போய்ச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், மூடியும் போட்டார்கள். ஆனால் கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்திருந்த மணியையும், பக்கத்தில் அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த அவன் அம்மாவையும் பார்த்ததும், அந்தப் பிரசங்கத்தைக் கைவிட்டேன். வளர்ந்த பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் போய் மெஷினைப் பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. "மியூசியமா? எங்க முனிய அடைச்சு வச்சிருக்கிற எடமா?" என்றார்.

"ஆமாம்மா," என்றேன். "சுவர் கட்டி அடைச்சிட்டோம். இப்போ முனிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியலே. தெரிஞ்சவங்க நீங்க. அதான் கேக்க வந்தேன்."

அவர் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். திண்டாட்டமாக இருந்தது. பக்கத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். பார்வதி தூரத்தில், தண்ணீர்க் குழாயடியில், கிட்டே வர முடியாமல் நின்றார்.

"பசிக்கும்," என்றார் மணியின் அம்மா. அவ்வளவு கோபத்துக்கு நடுவில் அந்த வார்த்தை மட்டும் வேறு குரலில் வந்தது. "போன நாள்லேந்து யாரு அதுக்குச் சோறு வச்சா? பெயிண்ட அடிச்சி நெத்திக் கண்ணையும் மறைச்சிட்டான் அந்த ஆளு. அதுக்கு வழியும் தெரியாது, எங்களையும் தெரியாது."

"அப்ப கண்ணைத் தொறந்து சோறு வைங்க. எல்லாரும் வாங்க. ஞாயித்துக்கெழமதானே உங்களுக்கு லீவு?"

"உள்ள வுடுவீங்களா? டிக்கெட்டு வாங்கணுமில்ல?"

"உங்க சாமியைப் பாக்க உங்களுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு?"

ஒரு பெண் சிரித்துவிட்டாள். மணியின் அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அப்போதுதான் உட்கார ஒரு பலகையை என் பக்கம் தள்ளினார்.

பேச்சுவார்த்தை அதற்கப்புறம்தான் சூடு பிடித்தது. படையல் சேவலை மியூசியத்தில் அறுக்கக்கூடாது என்றேன். சரி, லயத்தில் அறுத்துக் கறியைக் கொண்டுவருகிறோம் என்றார்கள். சாராயம் கூடாது என்றேன். ஒரு மூடி மட்டும் என்றார்கள். சுருட்டு இல்லாமல் முனி சாப்பிடாது என்றார்கள். சரி என்றேன். எதையும் நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாக நினைக்காதீர்கள். காய்கறி மார்க்கெட் மாதிரி பேரம் பேசினோம். பெயிண்டைச் சுரண்டுவது செல்லையாவின் கைதான் என்று நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அவர் கை பட்டு மறைந்தது, அவர் கையாலேயே திறக்கட்டும் என்றேன். கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. மணிதான், "செல்லையா மாமாவே சுரண்டட்டும்மா," என்றான். அவன் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு மீதிச் சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் செயலாளரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பம் அவருடையது. "கறியா? மியூசியத்துக்குள்ளயா? இது மியூசியமுங்களா, கோயிலுங்களா?" என்று கடையில் இருந்தவர்கள் முன்னாலேயே சத்தம் போட்டார். நான் ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். "செய்யுங்க, செய்யுங்க," என்றார். வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அறையில் இருந்த போட்டோக்களையெல்லாம் புகை படாமல் கழற்றி அடுத்த அறைக்கு மாற்றினேன். எந்த நம்பிக்கையில் கழற்றினேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செயலாளர் ஒரு பொட்டலத்தோடு வந்து என் மேஜைமேல் வைத்தார். பிரித்தேன். சுருட்டு.

"எந்தச் சுருட்டுன்னு சொல்லாம உட்டுட்டீங்களே அம்மணி. ரெண்டு தினுசும் வாங்கியாந்துட்டனுங்க," என்றார். "நானும் தொழில் பண்றவந்தானுங்களே. தராசத் தொட்டுக் கும்புடாம நான் கடை தொறக்கறதில்ல. அதக் கொண்டுபோய்ப் பூட்டி வெச்சா எனக்கு எப்படி இருக்கும்? ஆனா ஆபீசர் வர்றதுக்குள்ளார முடிச்சிரணும், ஆமா."

ஆபீசர் பதினொரு மணிக்கு. லயத்து ஆட்கள் ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. ஞாயிறு காலையில் கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, ஆளைக் காணோம். எஸ்டேட் லாரி பனியில் ஊர்ந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. மனசு மாறிவிட்டார்களோ என்று வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். பத்தரைக்கு மேல் லாரி வந்து நின்றது. லயமே இறங்கியது. அண்டா, வாழையிலை, தேங்காய், குழந்தைகள், எல்லாம். செல்லையாவும் பார்வதியும் கல்யாணப் பெண்ணும் தனியாக நடந்தே வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள்.

செல்லையா முன்னால் வந்து ஒரு சின்ன உளியால் சக்கரத்தின் நெற்றியைச் சுரண்ட ஆரம்பித்தார். நன்றாகப் பூசிய பெயிண்ட், எளிதில் வரவில்லை. அவர் சுரண்டுகிறார், சுரண்டிக்கொண்டே இருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் சத்தம். ஆபீசர் சீக்கிரமே வந்துவிட்டார்.

நான் வாசலுக்குப் போகவேண்டும். மாலை போடவேண்டும். நடுவில் நிறுத்திவிட்டு, பாக்கியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இவர்களிடம் சொல்லலாம். கேட்டிருப்பார்கள். காலமெல்லாம் ஜீப் வந்தால் ஒதுங்கி நின்று பழகியவர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நகர ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. "யாரும் நகரவேண்டாம். முடிச்சிட்டுத்தான்," என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினேன். கையெழுத்து போச்சு, கூரை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது.

வாசலில் செயலாளர் இருந்தார். அவர் என்ன செய்தார் என்பதை ஜீப் டிரைவர் பிறகு சொல்லித்தான் தெரியும். ஆபீசரை வராந்தாவில் உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்து, குன்னூர் ஏலத்தில் அந்த டீ என்ன தரம், அதை எப்படி உறிஞ்சி ருசி பார்ப்பார்கள் என்று ஆரம்பித்தாராம். டீ முடிந்ததும் கட்டடத்தின் பழைய பூட்டுகளைக் காட்டினாராம். பூட்டுகள் முடிந்ததும் ஒழுகும் கூரையைக் காட்டி, தகரத்தில் எத்தனை வகை என்று தொடங்கினாராம். அந்த மனிதருக்குத் தகரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். கொள்கைக்காக என்னோடு வாரா வாரம் மல்லுக்கு நின்றவர், அன்று எனக்காக வாசலில் நின்றார். அவர் இருந்தவரை இதை நான் நேரில் சொல்லி நன்றி சொன்னதில்லை. சண்டை போடுகிறவர்களுக்குள் அந்தக் கூச்சம் உண்டு.

உள்ளே நெற்றி திறந்தது. கறுத்த இரும்பு தெரிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். மணியின் அம்மா எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தார். இலை போட்டுச் சோறும் கறியும் வைத்தார்கள். செயலாளர் வாங்கிய இரண்டு தினுசுச் சுருட்டும் புகைந்தன. சூடத் தட்டு எல்லோருக்கும் போயிற்று. செல்லையாவிடம் வரும்போது மணியின் அம்மா தட்டை நிறுத்தினார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"லாரி வந்தன்னிக்கு எங்களையும் கூப்புட்டுருக்கலாமில்ல அண்ணே," என்றார் மணியின் அம்மா. "ஓடி வந்திருக்க மாட்டமா?"

செல்லையா குனிந்து சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆபீசர் உள்ளே வந்தபோது அறை முழுக்கப் புகை. இருமினார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையெழுத்தும் போட்டார், கூரையும் வந்தது. சில வருஷம் கழித்துத்தான் வந்தது, அது வேறு கதை.

நல்ல எண்ணெய் பட்டுக்கொண்டே இருப்பதால் குன்னூர் ஈரத்திலும் அந்த நெற்றியில் மட்டும் துரு கிடையாது என்பதைக் கவனியுங்கள். வருஷா வருஷம் அவர்கள் வருவார்கள். போட்டோக்களைக் கழற்றி வையுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், பேரம் பேசவேண்டிய இடத்தில் பேரம் பேசுங்கள். எந்தப் பொருள் உள்ளே வந்தாலும், அது நின்ற இடத்தில் அதைத் தேடப்போகிறவர்கள் யார் என்று போய்க் கேளுங்கள். கேட்டதற்காக எனக்கு ஒரு லயமே சொந்தமாகிவிட்டது. இந்த வேலையில் சம்பளம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தார்ப்பாய்ப் பந்தல். குழாயடியில் பெண்கள் கூட்டமாக அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். விறகும் தண்ணீரும் அண்டாவும் அந்தந்த வீட்டிலிருந்து வந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. திரும்ப பஸ் இல்லாததால் கடைசிப் பந்தி வரை இருந்தேன். பெண்ணின் அப்பா அம்மா அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள்.

சோறு பரிமாற மணி வந்தான். வலது கையில் கட்டு. வாளியை அந்த முழங்கையில் மாட்டிக்கொண்டு, இடது கையால் கரண்டியைப் பிடித்திருந்தான். செல்லையாவின் இலைக்கு முன்னால் வந்ததும் தயங்கி நின்றுவிட்டான். இடது கையால் எப்படிப் பரிமாறுவது?

"எந்தக் கையா இருந்தா என்னாடா, போடு," என்றார் செல்லையா.

மணி போட்டான். கொஞ்சம் இலையிலும் கொஞ்சம் தரையிலும் விழுந்தது. செல்லையா தரையில் விழுந்ததையும் எடுத்து இலையில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்காமலே சாப்பிட்டார். மணி அடுத்த இலைக்கு நகர்ந்ததும் திரும்பக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அவன் வந்து போட்டான். மறுபடியும் கூப்பிட்டார். பார்வதி, "போதும்யா, வயித்த வலிக்கப் போவுது," என்று சொல்லிப் பார்த்தார். வேறு ஆட்கள் கையில் சாம்பார் வாளி வந்தது, ரச வாளி வந்தது. செல்லையா எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் வெறும் சோறாகவே கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.